ஓடும் கருவியும் உறங்கும் கருவியும்: பழைய சமையலறை மின்சாதனங்கள் வரலாற்றுச் சான்றாகும் முறை

1. முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் வாழ்வை அறிவதற்கான சான்றுகளைப் பட்டியலிடுமாறு வரலாற்று மாணவரிடம் கேட்டால், அவர் செய்தித்தாள், அரசாவணம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கடிதம், நிழற்படம் என அடுக்குவார். மாவரைக்கும் கிரைண்டரையோ, மிக்சியையோ, ரைஸ் குக்கரையோ அப்பட்டியலில் சேர்ப்பவர் அரியர். ஆனால் சமையலறையில் பெண்கள் நாள்தோறும் செலவிட்ட உழைப்பைப் பொறுத்தவரை எழுத்துச் சான்று மிகக் குறைவு. தோட்டத்துப் பதிவேட்டில் பால்மரம் வெட்டிய பெண்ணின் நாட்கூலி உண்டு. வீடு திரும்பிய பின் அவள் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்த நேரம் இல்லை. கூலி பெறாத உழைப்பு கணக்கிலும் ஏறுவதில்லை. அவ்வுழைப்பின் தடம் எஞ்சியிருப்பது அவள் பயன்படுத்திய கருவிகளில்தான்.

அன்றாடக் கருவிகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முயற்சி புதியதன்று. சிக்ஃபிரீட் கீடியன் 1948இல் வெளியிட்ட நூலில் பூட்டு, நாற்காலி, ரொட்டி, சமையலறை முதலியவை இயந்திரமயமான கதையைப் பெயரற்றோரின் வரலாறாக எழுதினார். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலோ அமெரிக்க இல்லங்களில் புகுந்த கருவிகள் இல்லத்தரசியின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை என்று வாதிட்டது. இவ்விரு நூல்களும் எழுப்பிய வினாக்களைத் தமிழர் சமையலறையை நோக்கித் திருப்புவது இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

இரண்டாவது நோக்கம் நடைமுறை சார்ந்தது. பழைய மின்சாதனங்களைச் சேகரிப்போர் இன்று நம் நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்களுள் ஒரு சாரார் கருவியைத் துடைத்துக் கண்ணாடிப் பேழையில் வைப்பர். மற்றொரு சாரார் அதைப் பழுது நீக்கி ஓட்டுவர். ஓட்டினால்தான் கருவி தன் சான்றை முழுமையாகத் தரும்; எனினும் ஓட்டுவதற்காகச் செய்யும் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் அச்சான்றின் ஒரு பகுதியை அழிக்கும். இம்முரணை எவ்வாறு கையாள்வது என்பதே இக்கட்டுரையின் மைய வினா.

2. கல்லின் காலம்

மின்சாதனங்களின் வருகையை மதிப்பிட அவற்றுக்கு முன் இருந்தவற்றை நினைவிற் கொள்ள வேண்டும். அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை ஆகிய நான்கும் நான்கு வேறு உடலசைவுகளைக் கோரியவை. அம்மியில் குழவியை இரு கைகளாலும் முன்பின்னாகத் தள்ள வேண்டும். ஆட்டுக்கல்லில் ஒரு கையால் குழவியைச் சுழற்றி மறு கையால் மாவைத் தள்ளிவிட வேண்டும். உரலில் நின்றுகொண்டு உலக்கையை ஓங்கிக் குற்ற வேண்டும். திருகையில் அமர்ந்து மேற்கல்லைச் சுற்ற வேண்டும். ஈர அரைவை, உலர் அரைவை, குற்றுதல், உடைத்தல் என ஒவ்வொரு பணிக்கும் தனிக்கல் இருந்தது.

இவ்வுழைப்புக்குத் தமிழிலக்கியம் இடமளித்துள்ளது. உலக்கையால் குற்றும்போது மகளிர் பாடிய வள்ளைப்பாட்டைக் கலித்தொகையிலும் சிலப்பதிகார வாழ்த்துக்காதையிலும் காண்கிறோம். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணமும் இடிக்கும் பணியோடு இயைந்த பாடல் வடிவமே. உலக்கையின் ஏற்ற இறக்கம் பாட்டின் தாளமாயிற்று. மின்னியந்திரத்திற்கு அவ்வாறு ஓர் இலக்கிய வகை தோன்றவில்லை. இயந்திரத்தின் இரைச்சலில் பாட இயலாது என்பதோடு, ஒருவரே தனித்து இயக்கும் கருவிக்குக் கூட்டுப் பாட்டு தேவைப்படவுமில்லை. ஆகவே கல்லின் காலத்துக்கு இலக்கியச் சான்று இருக்க, மின்சாரக் காலத்துக்குக் கருவியே சான்றாக நிற்கிறது.

அம்மி முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. திருமணத்தில் அம்மி மிதிக்கும் சடங்கு தொடர்கிறது. பயன்பாட்டிலிருந்து விலகிய ஒரு கருவி சடங்குப் பொருளாக நிலைபெற்றதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் அத்தகைய அடைக்கலம் கிடையாது. பழுதானவுடன் அவை பழைய இரும்புக் கடைக்குச் செல்கின்றன.

3. 1955: கோவையும் தோக்கியோவும்

அரிசி உண்ணும் இரு சமூகங்களின் சமையலறைக் கருவிகள் ஒரே ஆண்டில் பெரும் மாற்றம் கண்டன. அவ்வாண்டு 1955.

கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி அவ்வாண்டில் மின்விசையால் இயங்கும் ஈரமாவு அரைக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார் என்பர். அது கோவையில் தோன்றியதற்குக் காரணங்கள் உண்டு. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் மின்னோடிகள் தேவைப்பட்டன. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இணைந்து உள்நாட்டிலேயே மின்னோடியை உருவாக்கினர். வார்ப்பட்டறையும், மின்னோடி சுற்றத் தெரிந்த தொழிலாளரும், சுற்றுப்புறத்தில் கருங்கல்லும் கல் கொத்துவோரும் ஓரிடத்தில் கூடியிருந்த நகரில் ஆட்டுக்கல்லோடு மின்னோடி இணைந்தது. பின்னர் இத்தொழில் கோவையின் அடையாளமாகவே வளர்ந்து, ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்னும் பெயர் 2005–06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இவ்வியந்திரத்தின் அமைப்பை உற்று நோக்கினால், ஆட்டுக்கல்லின் இயக்கம் அதில் தலைகீழாக மாறியிருப்பது புலப்படும். ஆட்டுக்கல்லில் உரல் அசையாது நிற்கக் குழவி சுழலும். கிரைண்டரில் குழவி ஓரிடத்தில் பிடித்து நிறுத்தப்பட, அதைச் சுற்றிக் கலன் சுழலும். மின்னோடியின் சுழற்சி வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,440. அவ்வேகத்தில் கல்லைச் சுழற்றினால் மாவு சூடேறும். கலனிலிருந்து வெளியே தெறிக்கும். எனவே சிறிய கப்பியிலிருந்து பெரிய கப்பிக்குப் பட்டைவார் பூட்டி வேகத்தைப் பல மடங்கு குறைத்தனர். மெதுவாக அரைபடும் உளுந்து காற்றை உள்வாங்கிப் பொங்குகிறது. மாவும் சூடேறாமல் புளிக்கிறது. கையின் மெதுவான வேகத்தை மின்சாரத்துக்குக் கற்றுக்கொடுத்ததே இக்கண்டுபிடிப்பின் சாரம் எனலாம்.

அதே ஆண்டு திசம்பர் மாதம் தோக்கியோவில் தோஷிபா நிறுவனம் தானியங்கி மின் சோற்றுப்பானையை விற்பனைக்குக் கொணர்ந்தது. முதலில் 700 பானைகள் உருவாக்கப்பட்டன. விலை 3,200 யென். மின்சாரத்தால் சோறாக்கும் கருவிகள் சப்பானில் அதற்கு முன்னரும் இருந்தன. ஆயினும் அவற்றின் அருகிலேயே ஒருவர் நின்று, பதம் பார்த்து மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. தோஷிபாவுக்காக இப்பானையை வடிவமைத்தவர் சிறு பட்டறை ஒன்றை நடத்திய யோஷிதாதா மினாமி. சோறு ஆக்கி, வெப்பநிலையை அளந்து, குறித்து, மீண்டும் ஆக்கும் சோதனைகளைச் செய்தவர் அவருடைய துணைவியார் ஃபுமிகோ.

அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. அரிசியும் நீரும் உள்ள பானையை மற்றொரு பானைக்குள் வைத்தனர். இரண்டுக்கும் இடையே ஒரு குவளை நீர் ஊற்றப்பட்டது. அந்நீர் முழுவதும் ஆவியாக ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். சோறு வேகவும் அந்நேரமே தேவை. நீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 பாகைக்கு மேல் ஏறாது. நீர் வற்றியதும் வெப்பநிலை சட்டென உயர, ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஒரு குவளை நீரே கடிகாரமாகப் பணியாற்றியது. பிற்காலக் கருவிகளில் இரட்டைப் பானை நீங்கி, குறிப்பிட்ட வெப்பத்தில் காந்தத்தன்மையை இழக்கும் துண்டு ஒன்று அடியில் பொருத்தப்பட்டது. இன்றும் எளிய வகைக் கருவிகளில் ‘டக்’ என்னும் ஒலியோடு நெம்புகோல் மேலெழுவது அதனால்தான்.

4. சோதனைக் கூடமான சமையலறை

மூன்றாவது கருவியாகிய மிக்சியின் கதையிலும் இதே அமைப்பைக் காணலாம். மேலைநாட்டுச் சமையலறைக்கு மாவு பிசையவும் பழச்சாறு கலக்கவும் கருவிகள் முன்னரே வந்துவிட்டன. சன்பீம் நிறுவனத்தின் மிக்ஸ்மாஸ்டர் 1930இலும், வேரிங் பிளெண்டர் 1937இலும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தவை. அவற்றின் வேலை மென்மையானவற்றைக் கலப்பது. காய்ந்த மிளகாய், மஞ்சள், கொத்தமல்லி விதை, ஊறிய பருப்பு ஆகியவற்றை அரைப்பதற்கு அவை படைக்கப்படவில்லை.

பம்பாயில் மின்பொறியாளராகப் பணியாற்றிய சத்தியப் பிரகாஷ் மாத்தூரின் இல்லத்தில் இருந்த அயல்நாட்டு மிக்சி இவ்வேலையைத் தாங்காமல் பழுதுபட்டது. அவருடைய துணைவியார் மாதுரி எதிர்கொண்ட அச்சிக்கலே இந்தியச் சமையலுக்கு ஏற்ற மின்னோடியையும் கத்தியையும் வடிவமைக்கத் தூண்டுதலாயிற்று. 1963இல் தொடங்கப்பட்ட அவர்களது நிறுவனத்தின் ‘சுமீத்’ என்னும் வணிகப்பெயர், பின்னர் பல வீடுகளில் மிக்சிக்கே மறுபெயராக வழங்கலாயிற்று. சென்னையில் 1978இல் தொடங்கிய ப்ரீத்தி போன்ற நிறுவனங்கள் அப்பாதையில் தொடர்ந்தன.

மிக்சியின் மின்னோடி கிரைண்டரின் மின்னோடிக்கு நேர்மாறானது. அதன் வேகம் நிமிடத்திற்கு 15,000க்கும் மேல். கல் நசுக்கி அரைக்கும். கத்தி வெட்டித் துகளாக்கும். இதனால் மிக்சியில் அரைத்த தேங்காய்ச் சட்டினிக்கும் அம்மியில் அரைத்ததற்கும் உள்ள வேறுபாடு வெறும் பழமைப் பற்றால் சொல்லப்படுவதன்று. இரு வேறு இயக்கங்களின் விளைவு அது.

மினாமி இல்லத்திலும் மாத்தூர் இல்லத்திலும் நிகழ்ந்தவற்றை ஒப்பிடுகையில் ஒன்று தெளிவாகிறது. நிறுவனத்தின் பெயரும் பொறியாளரின் பெயரும் முன்னிலை பெறுகின்றன. சோற்றின் பதம் எது, மசாலை எவ்வளவு நைய வேண்டும் என்னும் அறிவு சமையலறையில் இருந்த பெண்ணிடமிருந்து வந்தது. அவ்வறிவு இன்றேல் பொறியாளருக்கு இலக்கே இருந்திராது. பெரும்பாலான கருவிகளின் வரலாற்றில் அப்பெண்ணின் பெயர்கூட எஞ்சவில்லை. ஃபுமிகோ, மாதுரி ஆகிய இரு பெயர்கள் நமக்குக் கிடைத்திருப்பது விதிவிலக்கே.

5. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த வழி

இக்கருவிகள் இந்நாட்டுத் தமிழர் இல்லங்களுக்கு இரு திசைகளிலிருந்து வந்தன. சோற்றுப்பானை கிழக்கிலிருந்தும், மிக்சியும் கிரைண்டரும் மேற்கிலிருந்தும் வந்து ஒரே சமையலறை மேடையில் சந்தித்தன.

சப்பானியச் சோற்றுப்பானை ஆங்காங் வழியாக ஆசிய நாடுகளுக்குப் பரவிய வரலாற்றை யோஷிகோ நாகானோ 2009இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். ‘நேஷனல்’ என்னும் வணிகப்பெயரில் மட்சுஷிதா நிறுவனம் விற்ற பானைகள் அவ்வழி வந்தவை. அந்நிறுவனத்தின் மலேசியக் கிளை 1965இல் பதிவு பெற்றது. தாய் நிறுவனம் 2008இல் பானசோனிக் எனப் பெயர் மாறிற்று. ஆகவே ஒரு பானையின் மீது ‘நேஷனல்’ என்று பொறித்திருப்பதே அதன் காலத்தை ஓரளவு கணிக்க உதவும் குறிப்பாகிறது.

மின்சாரம் எல்லார்க்கும் ஒரே காலத்தில் கிட்டவில்லை. மலாயாவின் மத்திய மின்சார வாரியம் 1949 செப்டம்பர் 1ஆம் நாள் தோற்றம் பெற்றது. நகரங்களில் மின்விளக்கு எரிந்த பின்னரும், பல தோட்டங்களின் லயங்களில் தோட்டத்துக்குச் சொந்தமான மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே ஓடியது. விளக்குக்கும் வானொலிக்கும் போதுமான அம்மின்சாரத்தில் கிரைண்டர் ஓட்ட இயலாது. எனவே நகரத்துத் தமிழர் இல்லத்தில் மிக்சி வந்த பின்னும், தோட்டத்துத் தமிழர் இல்லத்தில் நெடுங்காலம் அம்மியும் ஆட்டுக்கல்லுமே இருந்தன. கருவியின் பரவலைக் கணக்கிடுவது, ஒருவகையில், இந்நாட்டுத் தமிழரிடையே நிலவிய ஏற்றத்தாழ்வைக் கணக்கிடுவதுமாகும்.

சிங்கப்பூரின் நிலை வேறு. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்ட பின் மக்கள் கம்பங்களிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பின்கட்டில் கிடந்த உரலுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் புது வீட்டில் இடமில்லை. பத்தாம் மாடியில் உலக்கையால் குற்றினால் ஒன்பதாம் மாடியில் உள்ளோர் உறங்க முடியாது. இங்கு மின்கருவி வசதிக்காக மட்டும் வரவில்லை. வீட்டின் வடிவமே கல்லை வெளியேற்றியது.

இந்தியாவிலிருந்து பயணம் முடித்துத் திரும்புவோர் மூட்டைகளுக்கிடையே கொணர்ந்த மிக்சிகள் பல. அவற்றின் மின்கம்பியின் முனையை நோக்கினால் இப்பயணம் விளங்கும். இந்தியச் செருகியின் முனைகள் உருண்டை. மலேசிய, சிங்கப்பூர்ச் செருகியின் முனைகள் தட்டை. உருண்டைச் செருகியை அறுத்துவிட்டுத் தட்டைச் செருகி பூட்டப்பட்ட ஒரு மிக்சி, கடல் கடந்து வந்த பொருள் என்பதைத் தானே சொல்கிறது.

6. மிச்சமான நேரம் எங்கே போனது?

கருவி வந்ததால் பெண்ணின் உழைப்பு குறைந்தது என்பது பொதுவான கருத்து. உடல்வலி குறைந்தது என்பதில் ஐயமில்லை. மணிக்கட்டும் தோளும் இடுப்பும் நோக ஆட்டுக்கல் சுழற்றியவர்களின் அனுபவத்தை இலேசாகக் கருதுவது அறமன்று. ஆனால் நேரம் குறைந்ததா என்பது தனி வினா.

கோவனின் வாதம் இங்கே துணைபுரிகிறது. கருவி வேலையை எளிதாக்கும்போது, அவ்வேலை எத்தனை முறை செய்யப்பட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் உயர்கிறது. இட்லியும் தோசையும் பல குடும்பங்களில் தீபாவளி, பொங்கல் முதலிய நாட்களுக்குரிய பலகாரங்களாக இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். கிரைண்டர் வந்த பின் அவை அன்றாடக் காலையுணவாயின. ஆண்டுக்குச் சில முறை கடும் உழைப்பாக இருந்தது, வாரத்துக்கு இரு முறை மிதமான உழைப்பாக மாறிற்று. அதைச் செய்பவர் மட்டும் மாறவில்லை.

சோற்றுப்பானையிலும் ஒரு மாற்றம் மறைந்திருக்கிறது. சோற்றை வடித்தெடுப்பது தமிழர் பெரும்பான்மையோரின் மரபு. மின் சோற்றுப்பானையோ நீர் முழுவதையும் அரிசியே உறிஞ்சிக்கொள்ளும் சப்பானிய முறைக்கு ஏற்பப் படைக்கப்பட்டது. வடிக்கும் வேலை நீங்கியபோது வடிகஞ்சியும் நீங்கியது. வடிகஞ்சியைப் பருகியதும், பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டதும், மாட்டுக்கு ஊற்றியதும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒரு கருவி ஒரு வேலையை மட்டும் மாற்றுவதில்லை; அதனோடு பிணைந்த பிறவற்றையும் அவிழ்த்துவிடுகிறது.

சமையலறை உழைப்பு பொதுவாழ்வின் பொருளாகவும் மாறியதுண்டு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலமைச்சரின் படம் ஒட்டிய அக்கருவிகள் நாளைய வரலாற்று மாணவருக்கு அரசியல் ஆவணங்களுமாகும். அவற்றை யாரேனும் இன்றே சேர்த்து வைத்தால்தான் அது கைகூடும்.

7. ஓட்டிப் பார்த்தலும் அதன் விலையும்

மேற்கூறியவற்றுள் பல செய்திகள் நூல்களிலிருந்து கிடைப்பவை. கருவியை ஓட்டினால் மட்டுமே கிடைப்பவையும் உண்டு. இக்கட்டுரையாளரின் இல்லத்தில் தாயார் பயன்படுத்திய கிரைண்டர் ஒன்று உள்ளது. கலனைச் சாய்க்க இயலாத பழைய வகை. அதைப் பழுது நீக்கி மீண்டும் ஓட்டியபோது மூன்று செய்திகள் புலப்பட்டன.

முதலாவது, அரைபடும் நேரம் ஓய்வு நேரமாக இல்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் உளுந்து அரைபடும்போது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர் தெளிக்க வேண்டும். கலனின் ஓரத்தில் ஒட்டும் மாவைத் தள்ளிவிட வேண்டும். வேறு பணியைத் தொடங்கவும் முடியாது, அமரவும் முடியாது. இரண்டாவது, உடலுழைப்பு முற்றிலும் நீங்கவில்லை. கனத்த குழவியைத் தூக்கி வெளியே எடுத்து, மாவைக் கையால் வழித்து, கலனைக் கழுவிய நீரை முகந்து ஊற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது, அதன் இரைச்சல். விடியற்காலையில் அதை ஓட்டினால் அண்டை வீட்டார் விழித்துவிடுவர். முன்னர் வைகறையில் செய்யப்பட்ட வேலை மாலைக்கு நகர்ந்ததன் காரணம் அப்போது விளங்கியது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கிரைண்டர் இம்மூன்றில் எதையும் சொல்லாது.

மாவின் பதத்தை எப்படி அறிவது என்று தாயாரிடம் கேட்டபோது, “கைய விட்டுப் பாத்தாத்தான் தெரியும், மெசினுக்கு என்னா தெரியும்?” என்றார். அக்கை அறிவும் கருவியின் பகுதியே. கருவி மட்டும் எஞ்சி, அதை இயக்கிய கை மறைந்தால் பாதிச் சான்றே நம்மிடம் இருக்கும்.

இனி அதன் விலையைக் காண்போம். அக்கிரைண்டரின் இரப்பர் உறையிட்ட மின்கம்பி வெடித்து, உள்ளிருந்த செம்பு வெளியே தெரிந்தது. பட்டைவார் இற்றிருந்தது. மின்தேக்கி பழுதுபட்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர் மூன்றையும் மாற்றிவிட்டுப் பழையவற்றைக் குப்பையில் போட்டுவிட்டார். அக்கம்பியின் நடுவே வேறு நிறத்துக் கம்பி ஒட்டுப் போடப்பட்டிருந்ததும், அவ்வொட்டு எப்போதோ ஒரு நாள் வீட்டில் இருந்தவரே செய்த பழுதுபார்ப்பு என்பதும் பின்னரே நினைவுக்கு வந்தன. கருவி ஓடியது, அதன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பக்கம் கிழிந்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. பழைய மின்கம்பியின் காப்புறை காலப்போக்கில் நொறுங்கும். உலோக உடல் கொண்ட கருவிக்குப் புவியிணைப்பு இல்லையெனில் அது உயிருக்கு ஆபத்து. ரொட்டி வாட்டி, இஸ்திரிப் பெட்டி முதலிய பழைய வெப்பக் கருவிகள் சிலவற்றில் கல்நார் பயன்படுத்தப்பட்டது. அவற்றைப் பிரித்தால் நுண்ணிழைகள் நுரையீரலுக்குச் செல்லக்கூடும். அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் ஏறத்தாழ 120 வோல்ட்டில் இயங்குபவை. இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வழியாகவே அவற்றை இயக்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதிக்காத எந்தப் பழைய கருவியையும் மின்செருகியில் பொருத்தலாகாது.

ஆகவே சேகரிப்போருக்கு நான்கு நெறிகளை இக்கட்டுரை முன்வைக்கிறது. ஒன்று, பழுது பார்க்கும் முன் கருவியின் எல்லாப் பக்கங்களையும் உட்புறத்தையும் படமெடுத்தல். இரண்டு, கழற்றிய பகுதி எதுவாயினும் தேதியிட்ட சீட்டுடன் பையிலிட்டுக் கருவியோடே வைத்தல். மூன்று, பழைய நிலைக்கு மீட்க இயலாத மாற்றத்தைத் தவிர்த்தல். உடலில் புதிதாகத் துளையிடுவதும் புதுச்சாயம் பூசுவதும் அத்தகையவை. நான்கு, ஒரே வகையில் பல கருவிகள் கிடைக்குமாயின் ஒன்றை ஓட்டி மற்றொன்றைத் தொடாமல் வைத்தல். அரிதாகக் கிடைத்த ஒற்றைக் கருவியை ஓட்டுதல் கூடாது. எண்ணற்றவை உற்பத்தியான மிக்சியையோ சோற்றுப்பானையையோ ஓட்டாமல் வைத்திருப்பதால் பயன் சிறிது.

8. வகுப்பறையில் ஒரு கருவி

தமிழாசிரியர்களுக்கு இதில் ஓர் அரிய வாய்ப்புண்டு. கல்வெட்டைப் படிக்க மாணவரைத் தஞ்சைக்கு அழைத்துச் செல்ல எல்லாராலும் இயலாது. ஆனால் பெயர் வெட்டிய எவர்சில்வர்ப் பாத்திரமோ மிக்சி ஜாரோ பல தமிழர் வீடுகளில் உண்டு. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், திருமண நாள், சில வேளைகளில் ஊர்ப்பெயர் ஆகியவை புள்ளி புள்ளியாக அதில் வெட்டப்பட்டிருக்கும். கொடையாளர், கொடை பெற்றோர், காலம், இடம் என்று கல்வெட்டில் தேடும் அனைத்தும் அங்கே உள்ளன. எழுத்துப்பிழைகளும் தலைப்பெழுத்து முறையும் கூட ஆய்வுக்குரியவை.

மாணவர் தம் பாட்டியிடம் ஒரு கருவியைப் பற்றிக் கேட்கட்டும். எந்த ஆண்டு வாங்கினீர்கள், எவ்வளவு விலை, யார் பணம், அதற்கு முன் எதில் அரைத்தீர்கள், வந்த பின் எந்த நேரத்தில் அரைத்தீர்கள் என்னும் ஐந்து வினாக்களே போதும். பின்னர், இயலுமாயின், அப்பாட்டியின் மேற்பார்வையில் அக்கருவியை ஒருமுறை இயக்கி, அவர் கையும் குரலும் பதிவாகுமாறு ஒளிப்பதிவு செய்யட்டும். அவ்வுரையாடலில் கல்லுரி, குழவி, கொத்துதல், பதம், வழித்தல், வடித்தல் முதலிய சொற்கள் தாமே வெளிப்படும். கல்லைக் கொத்தும் வழக்கம் அருகும்போது கொத்துதல் என்னும் சொல்லின் அப்பொருளும் அருகுகிறது. ஆகையால் இம்முயற்சி சொற்சேகரிப்பாகவும் அமையும்.

9. முடிவுரை

ஆட்டுக்கல்லிலிருந்து கிரைண்டருக்கும், அம்மியிலிருந்து மிக்சிக்கும், வடிதட்டிலிருந்து மின் சோற்றுப்பானைக்கும் மாறிய தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். இரண்டையும் தம் கைகளால் இயக்கியவர்கள் அவர்கள் மட்டுமே. அவர்களுக்குப் பின் வருவோர் கருவியைக் காணலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய அனுபவத்தைச் சொல்ல இயலாது.

பழைய மின்சாதனத்தைச் சேகரிப்பது பொழுதுபோக்காகத் தொடங்கலாம். அதைப் பதிவு செய்து, பாதுகாப்பாக இயக்கி, இயக்கத் தெரிந்தவரின் சொல்லையும் உடன் சேர்த்து வைக்கும்போது அது வரலாற்றுப் பணியாகிறது. ஊதியம் இன்றி, பதிவேடு இன்றி நிகழ்ந்த பெரும் உழைப்பின் எச்சம் நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் தூசு படிந்து கிடக்கிறது. அடுத்த முறை பழைய இரும்பு வாங்குபவரின் குரல் வாசலில் கேட்கும்போது, அக்கருவியைத் தூக்கிக் கொடுக்கும் முன் அதை இயக்கியவரிடம் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுவது, வரலாறு கற்றோரும் தமிழ் கற்பிப்போரும் செய்யத்தக்க குறைந்த அளவுக் கடமையாகும்.